நிழல் வாடகை

இந்த ஊரில் வாடகைக்குக் குளிரும் சூடும் உண்டு.
வெறும் சுவருக்குக் கொடுப்பது குளிர் வாடகை.
கணப்பும் தண்ணீரும் சேர்ந்தால் சூட்டு வாடகை.
மூன்றாவது ஒன்றும் இருந்தது,
ஒரேயொரு குளிர்காலம்.

நவம்பரில் பெர்லின் நகரம் ஒரு சட்டத்தால்
என் வாடகையில்
இருநூற்றுப் பன்னிரண்டு யூரோவைக் கத்தரித்தது.
வீட்டுக்காரர் லெம்ப்கே கடிதம் போட்டார்:
"திருமதி ஹோஜாய், சட்டப்படி குறைத்துவிட்டேன்.
மீதியைச் செலவழிக்காதீர்கள்.
சட்டம் நிலைக்காவிட்டால் கேட்பேன்.
அதன் பெயர் நிழல் வாடகை."
கடைசி வரியை நான் படிக்கவில்லை.
படித்தேன்.
படிக்காததுபோல் மடித்தேன்.

இருநூற்றுப் பன்னிரண்டு என்றால்
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில்
பிறர் காய்ச்சலை வேகவைக்கும் இரண்டரை நாள்.
முதல் மாதம் தேயிலை டப்பாவில் போட்டேன்.
இரண்டாம் மாதமும்.
ஜனவரியில் அர்பெனின் கால் பூட்ஸைத் தாண்டி வளர்ந்தது.
பிறகு பள்ளிக்கூடம் வீட்டுக்கே வந்து உட்கார்ந்தது;
அதற்கு ஒரு பழைய மடிக்கணினி.
பிறகு என் கடைவாய்ப்பல்.

ஏப்ரலில் நீதிமன்றம் சொன்னது:
இப்படிச் சட்டம் போட நகரத்துக்கு அதிகாரமில்லை.
இன்றிலிருந்து அல்ல,
பிறந்த நாளிலிருந்தே அது செல்லாது.
அதாவது, பிறக்கவே இல்லை.
ஆனால் பூட்ஸ் இருந்தது
கதவோரத்தில்,
இடது கால் கொஞ்சம் சாய்ந்தபடி.

லெம்ப்கே முகக்கவசத்தோடு வந்து
நான்கு படி தள்ளி மாடிப்படியில் உட்கார்ந்தார்.
முப்பத்தொரு வருடம் ட்ராம் ஓட்டியதற்கு
மிஞ்சியது இந்த ஒரு வீடு,
அதிலும் பாதி வங்கிக்கு.
ஆறு மாதம் மைத்துனரிடம் கைமாற்று வாங்கித்
தவணை கட்டினாராம்.
"தெருமுனைக் கட்டடம் கம்பெனியுடையது.
ஆயிரக்கணக்கில் வீடு. குடியிருப்பவர்களிடம்
ஒரு காசும் திருப்பிக் கேட்கவில்லையாம்.
பெருந்தன்மைக்கும் முதலீடு வேண்டும்."

எதற்குச் செலவழித்தேன் என்று கேட்கவில்லை.
பூட்ஸைப் பார்த்தார்.
ஆயிரத்து இருநூற்று எழுபத்திரண்டைக்
கடித உறையின் முதுகில்
பன்னிரண்டால் வகுத்தார். நூற்றாறு.
ஜன்னல் குளிர்காலம் முழுக்க நடுங்கியதே என்றேன்.
பணம் வரட்டும் என்றார்.
ஜன்னல் அடையட்டும் என்றேன்.
இருவரும் சிரிக்கவில்லை.
ஜூனில் அவரே ஏணியோடு வந்தார்.

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள்.
நிழலின் விலை
மாதம் முதல் தேதியில் தெரியும்.

கடைசித் தவணையை அனுப்பும்போது
வங்கித் திரை வழக்கம்போல் கேட்டது:
எதற்காக?
வீடு என்று எழுதி அழித்தேன்.
கடன் என்று எழுதி அழித்தேன்.
நிழல் என்று எழுதினேன்.
ஏற்றுக்கொண்டது.