பதிலாளி எண் பதினேழு

விதிமுறைப் புத்தகம் நாற்பத்தாறு பக்கம்.
பாடத்தாள் மூன்று,
ஆறு மாதத்துக்கொரு முன்னேற்ற அறிக்கை,
பட்டியலில் உள்ள இதழ்களில் கட்டுரை இரண்டு,
ஒப்புமை பத்து விழுக்காட்டுக்குள்.
நோக்கம் என்ற தலைப்பின் கீழ் ஒரே வரி:
அறிவுக்குப் புதிதாக ஏதேனும் சேர்க்க வேண்டும்.
அதற்கு மட்டும் படிவம் இல்லை.

ஜங்ஷனிலிருந்து அபிஷேகப்பட்டிக்கு
ஆறு வருஷம் பஸ்ஸில் நின்றேன்.
உதவித்தொகை ஒரு தடவை வருவதற்குள்
தேர்தல் இரண்டு வந்து போனது.
என் தலைப்பு:
ஒதுக்கீட்டு ஊராட்சிகளில் பெண் தலைவர்களின்
முடிவெடுக்கும் அதிகாரம், ஓர் ஆய்வு.
'வாசிக்கவே மூச்சு வாங்குதே' என்றார்
ஜெராக்ஸ் கடை மைதீன் பிச்சை.

பிசான அறுப்பு முடிந்து
களம் காலியான பிறகு
வினாநிரலோடு இறங்கினேன்.
ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன்,
நெறிமுறைக் குழுவுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
மானூர்ப் பக்கம்.
தண்ணித் தொட்டிக்குக் கீழே,
மோட்டார் ரிப்பேர்காரனை எதிர்பார்த்து நின்றாள்
பதிலாளி எண் பதினேழு.

பெயர், வயது, கல்வி, சாதி,
வீட்டில் யாராவது அரசியலில் உண்டா,
எல்லாம் சரியாக வந்தது.
பதினான்காம் கேள்வி:
முடிவுகளை நீங்களே சுயமாக எடுக்கிறீர்களா?
முற்றிலும் உடன்படுகிறேன் தொடங்கி
முற்றிலும் மறுக்கிறேன் வரை
ஐந்து கட்டம்.

அவள் காசோலைப் புத்தகத்தை நினைத்திருக்க வேண்டும்.
துணைத்தலைவரும் சேர்ந்து ஒப்பமிடும் அந்தத் தாளை.
'கையெழுத்து என்னுது.
பேனா அவியளது.
சுயம்னு எதக் கேக்கிய,
கையவா பேனாவவா?'

பென்சிலை
ஐந்து கட்டத்துக்கும் மேலே
கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன்.
மோட்டார் வந்துவிட்டது. அவள் போய்விட்டாள்.

'விடுபட்ட மதிப்புன்னு போட்டுருங்க,
இருநூத்து நாப்பதுல ஒண்ணுதானே'
என்றார் நெறியாளர் நல்லபெருமாள்.
நல்ல மனுஷர், எதிலும் அவசரமில்லாதவர்.
மென்பொருளில் விடுபட்ட மதிப்புக்குக் குறியீடு
தொண்ணூற்றொன்பது.
போட்டேன்.
அட்டவணைகள் அழகாக நின்றன.
அன்று இரவு சோறு இறங்கவில்லை என்று எழுதலாம்;
பொய். இறங்கியது.

பிறகு ஒப்புமைச் சோதனை.
மஞ்சளும் சிவப்புமாகத் திரும்பி வந்தது என் உழைப்பு.
மக்களாட்சி என்றால் என்ன என்று நான் எழுதியதை
எனக்கு முன் நாற்பது பேர் எழுதியிருந்தார்கள்.
அதிகாரப் பரவலும் அப்படியே.
அம்மாவுக்கு நன்றி சொன்ன பத்திகூட
யாரோ ஒருவரின் அம்மாவோடு
எண்பது விழுக்காடு பொருந்தியது.

நிறமில்லாமல் இருந்தது
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின் அடிக்குறிப்பு,
மனசு கேட்காமல் பொடி எழுத்தில் நான் சேர்த்த
கையும் பேனாவும்.
உலகத்தில் எங்கும் இல்லாத வாக்கியம்.
படிவம் இல்லாத அந்த ஒரு விதியை
மோட்டாருக்குக் காத்திருந்தவள்
எனக்காக நிறைவேற்றி வைத்திருந்தாள்.

வாய்மொழித் தேர்வுக்கு
அனைவரும் வரலாம் என்று அறிவிப்பு ஒட்டுவார்கள்.
யாரும் வருவதில்லை.
நான் போன் போட்டேன்.
தார்வாடிலிருந்து வந்திருந்த தேர்வாளர்
இந்தத் தொண்ணூற்றொன்பது யார் என்று கேட்டபோது
கடைசி வரிசையில்
டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள்.
நான் திரும்பிப் பார்க்கவில்லை.
நெறிமுறை.
'அது ஒரு பதில் சார்,
என் கேள்விதான் விடுபட்டது' என்றேன்.
அவர் ஏதோ குறித்துக்கொண்டார்.
என்ன என்று இன்றுவரை தெரியாது.

வருகைத்தாள் சுற்றி வந்தது.
அவளிடம் எழுதுகோல் இல்லை.
துறை எழுத்தர் தன்னுடையதை நீட்டினார்.
பதவி என்ற இடத்தில் சற்று நிதானித்து
தலைவர் என்று எழுதினாள்.
கையெழுத்திட்டு,
பேனாவைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து,
ஒண்ணே முக்கால் பஸ் இருக்குன்னு எழுந்து போய்விட்டாள்.

எழுத்தர் இன்னும் என்னிடம்தான் கேட்கிறார்,
அந்தப் பேனாவை.