மூன்றாம் மேசை

உறையைப் பிரிப்பவர் ஒருவர்.
பெயரை உரக்கப் படிப்பவர் ஒருவர்.
கோடு போடுகிறவர்கள் இருவர்.
எண்பத்தொன்றிலிருந்து நான் கோடு போடுகிறேன்.

பிரான்சுக்கு நான் போனதில்லை.
கல்யாணப் பதிவேட்டின் வழியாக அது என்னிடம் வந்தது,
ஒக்தாவ் தைரியநாதனோடு,
அவருடைய ஜிபூத்தி மெடலோடு,
இன்றைக்கும் தவறாமல் வரும் பாங்சியோனோடு,
ஏழு வருஷத்துக்கு ஒரு ஜனாதிபதியோடு.
பிறகு ஏழை ஐந்தாகக் குறைத்தார்கள்.
புதுச்சேரி வெயிலை யாரும் குறைக்கவில்லை.

இரண்டு ஞாயிறு, நடுவில் பதினாலு நாள்.
குருசுக்குப்பத்திலிருந்து ரிக்‌ஷாவில் வந்து இறங்குவார்கள் சொல்தாக்கள்,
மெடல் குத்திய கோட்டுக்குள் வேர்த்து ஒழுகியபடி.
திரைக்குப் பின்னே போனவர்கள் போன வேகத்தில் திரும்புவார்கள்.
யோசிக்க என்ன இருக்கிறது?
உறை பெட்டியில் விழும்.
"அ வோத்தே!" என்பார் தலைவர்.
போட்டாயிற்று.
சார்ஜான் விருத்தகிரி மட்டும்
பெட்டிக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டுத்தான் நகர்வார்.

அப்போதெல்லாம் என் தாள் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும்.
ஜெனரல் விட்டுப்போன கட்சி எதுவோ, அதற்கு.
கட்சியின் பெயர் மாறும், ஆள் மாறுவார்,
நாலு நிமிர்கோடு, குறுக்கே ஒன்று,
நாலு நிமிர்கோடு, குறுக்கே ஒன்று,
வேலி கட்டினாற்போல் தாளின் ஓரம்வரை போகும்.
ஒருமுறை எதிர்ப்பக்கமும் நிறைந்தது.
வெளியே வராந்தாவில் அதை ஒப்புக்கொண்டவர் எவருமில்லை.

அந்நியர்களை அனுப்பிவிடுவோம் என்கிற வேட்பாளருக்கு
எண்பத்தெட்டில் எங்கள் மேசையில் ஒன்று விழுந்தது.
படித்தவர் சிரித்துவிட்டார்:
யாரோ கண்ணாடியை மறந்துவிட்டு வந்திருக்கிறார்கள்.
தொண்ணூற்றைந்தில் மூன்று.
மூன்று பேர் கண்ணாடியை மறந்திருக்கலாம்.
அப்புறம் ஏழு.
அப்புறம் எத்தனை என்று சொல்ல மாட்டேன்;
அந்தப் பெயருக்கு நேரே
என் பேனா இரண்டாம் வரிக்கு இறங்கியது.
யாரும் சிரிக்கவில்லை.

சின்ன மேசை இது.
யார் எந்தப் பேனாவைக் கடன் வாங்கிக் கையெழுத்துப் போட்டார்கள் என்பதுவரை தெரியும்.
சொல்தாக்களில் பாதிப்பேர் கல்லறைத் தோட்டத்தில்.
பிள்ளைகள் துலூஸில்;
அவர்களுடைய ஓட்டை அம்மாக்கள் போடுகிறார்கள்,
பிரகூராசியோன் காகிதத்தைக் கைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு.
வரிசையில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.
இவரா? இவரா?
மாதலேனாக இருக்காது.
அவள் மகனை க்ரெத்தேயில் ஒரே தெருவில் மூன்று தடவை நிறுத்தி
அடையாள அட்டை கேட்டிருக்கிறார்கள்.

அவளே சொன்னாள், நான் கேட்காமலே,
தண்ணீர் பாட்டிலைத் திறந்தபடி:
"நான்தான் போட்டேன். அவன் ஓட்டையும் சேர்த்து.
என் பையனை ஏன் நிறுத்துகிறான்?
நேற்று வந்தவன்களால்தானே?
நாம் காகிதத்தோடு போனவர்கள், கொர்னேலியா."

அவன் சம்மதித்தானா என்று கேட்க வாயெடுத்தேன்.
கேட்கவில்லை.
மாதலேன் வீட்டு மாடியில் ஒடிசாப் பையன்கள் எட்டுப் பேர் இருந்தார்கள்,
கட்டட வேலைக்கு வந்தவர்கள்.
இரவில் சத்தம், எண்ணெய் நாற்றம் என்று அவள் காலி செய்யச் சொன்ன அன்று
நல்ல வேலை செய்தாய் என்றவள் நான்.

கூட்டிப் பார்த்தோம். சரியாக இருந்தது.
நால்வரும் கையெழுத்துப் போட்டோம்.
இங்கே இரவு எட்டு, பாரிஸில் நாலரை;
அங்கே இன்னும் பெட்டி மூடவில்லை.
பதினொன்றரைவரை வெளியே சொல்லக்கூடாது.

வாசலில் மாதலேன் ஸ்கூட்டரை நிறுத்தி வைத்திருந்தாள்.
"ஏறு, விட்டுட்டுப் போறேன்."
கடற்கரைச் சாலையை அடைத்திருந்தார்கள்; மிஷன் வீதி வழியாகச் சுற்றினோம்.
உள்ளூர்த் தேர்தலுக்கு ஒரு சுவரில் சுண்ணாம்பு அடித்து
முழுசாக ரிசர்வ் என்று எழுதியிருந்தது.
அவள் எண்ணைக் கேட்கவில்லை.
என் விரலில் மை.
அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்,
வேகத்தடை வந்ததால்.