சத்தம் வருது, படம் இல்ல

சத்துவாச்சாரியில் பேக்கரிக்கு மேலே மாடியில்
எங்கள் கேபிள் ஆபீஸ்.
என் எதிரே டிவி கிடையாது.
ஒரு ஃபோன், ஒரு புகார் நோட்டு,
பாதி நாள் ஓடுகிற மின்விசிறி.
வேலூரின் திரைகளையெல்லாம்
நான் காதால்தான் பார்த்திருக்கிறேன்.

"குடியாத்தம் லுங்கியாட்டம் கட்டங்கட்டமா கீதுமா,
நியூஸ் படிக்கிறவன் வாய் ஒரு பக்கம், கண்ணு ஒரு பக்கம்."
பிக்சல் என்று எழுதிக்கொள்கிறேன்.
படம் மொத்தமும் அந்தக் கட்டங்கள்தான்,
உடையும்போதுதான் கண்ணில் படுகிறது.
வயரைக் கழற்றி மறுபடி செருகுங்க என்கிறேன்.

ஆற்காட்டிலிருந்து ஒருவர் கோபமாக:
"ஹெச்டி டிவி, நாப்பத்திரண்டாயிரம், மூஞ்சியே தெளியல!"
டிவிதான் சார் ஹெச்டி, உங்க பாக்ஸ் எஸ்டி.
"அப்டின்னா?"
பாலாறு தெரியுமில்ல சார்,
அகலத்துக்கு இன்னா குறை?
அவர் சிரித்துவிட்டார்.
பாக்ஸை மட்டும் இன்னும் மாற்றவில்லை.

கஸ்பாவிலிருந்து ஷாகிரா அம்மா, வாரத்துக்கு இரண்டு முறை.
எல்லாரும் குட்டையாக, குண்டாகத் தெரிகிறார்களாம்.
பழைய சதுரப் படத்தை
அகலத் திரைக்கு இழுத்தால் அப்படித்தான்.
ஆஸ்பெக்ட் ரேஷியோ என்று சொல்லி
பட்டனையும் சொல்லிக்கொடுத்தேன்.
அடுத்த வாரம் அழைத்தார்:
"இப்ப ரெண்டு பக்கமும் கறுப்பா பட்டை விழுதே,
காசு குடுத்த டிவி வீணாப் போகுதில்ல?"
மறுபடி இழுத்துவிட்டோம்.

வெயிலில் மொட்டைமாடியிலிருந்து ஏகாம்பரம்:
"பலம் தொண்ணூறு காட்டுது, தரம் பூஜ்யம்."
குடை எதையோ பிடித்திருக்கிறது,
பலமாகவே பிடித்திருக்கிறது,
நம்ம செயற்கைக்கோள் இல்லை, அவ்வளவுதான்.
கொஞ்சம் கிழக்கே திருப்பு.
இன்னும் கொஞ்சம்.
ஐயோ, தாண்டிட்ட.

காந்தி ரோடு லாட்ஜ், அறை முன்னூற்றாறு.
நிர்மால்யா பாபு, பாங்குராவிலிருந்து.
என் இந்தி பாதி, அவர் இந்தி முக்கால்.
மனைவிக்குச் சாயங்காலம் பெங்காலி சீரியல் வேண்டும்.
திரையில் 'நோ சிக்னல்' மிதக்கிறது.
சோர்ஸ் மாறியிருக்கும் பாபு.
பாக்ஸ் ஹெச்டிஎம்ஐ இரண்டில் இருக்கிறது,
டிவி ஒன்றில் காத்திருக்கிறது.
"புரிந்தது," என்றார்,
"டோக்கன் ஒரு கவுண்டருக்கு, நிற்பது வேறு வரிசையில்.
காலையிலிருந்து அதைத்தான் செய்தேன்."

அப்புறம் பேக்.
தனிச் சேனலாக எடுக்கலாம், பூக்கேயாகவும் எடுக்கலாம்.
பூக்கே என்றால் பூங்கொத்தாம்,
நோயாளியைப் பார்க்கப் போகையில்
கொண்டுபோகிற பொருள்.
எப்படி எடுத்தாலும் முப்பது நாள்.
"எட்டு நாள்தான் இருப்போம் பேட்டி,
மீதி இருபத்திரண்டு நாளை யார் பார்ப்பார்கள்?"
இருபது நிமிஷம் வாதாடினார்.
அடுத்து அந்த அறைக்கு வருகிறவர் பார்ப்பார் என்றேன்.
கட்டினார்.

முப்பத்தோராம் நாள்
முன்னூற்றாறிலிருந்து ஃபோன்.
'சந்தா முடிந்தது' என்று வருகிறதாம்.
நான் விலைப்பட்டியலைத் திறப்பதற்குள்
"மூன்று மாதத்துக்குப் போட்டுவிடு" என்றார்.
பேரம் இல்லை.
நானும் எதுவும் கேட்கவில்லை.
பாக்ஸை அணைக்காதீங்க பாபு,
ரெஃப்ரெஷ் அனுப்பியிருக்கிறேன்,
மேலே போய்க் கீழே வரணும்,
பத்து நிமிஷம் ஆகும்.
அவர் ஃபோனை வைக்கவில்லை.
லாட்ஜ் விசிறி சுற்றுவது கேட்டது.
யாரோ இருமினார்கள்.
கட்டிலில் ஒரு தட்டு நகர்ந்தது.
சட்டென்று எனக்குப் புரியாத மொழியில்
ஒரு மாமியார் சத்தம்போட,
பக்கத்தில் ஒரு பெண்
மெல்லச் சிரித்தாள்.
அது சீரியலா, அறையா
என்று பிரிக்கத் தெரியவில்லை.
வந்துடுச்சா பாபு?
பதில் இல்லை.
நோட்டில் 'சரிசெய்யப்பட்டது' என்ற பத்திக்கு
டிக் போட்டேன்.

அடுத்த ஃபோன், தொரப்பாடி.
"இன்னாமா இது,
சத்தம் வருது, படம் இல்ல."
எனக்கும் அப்படித்தாங்க என்று
வாய்வரை வந்தது.
ரிமோட்டை எடுங்க என்றேன்.