ஊதியத்துடனோ ஊதியமின்றியோ

பத்தரமுல்லைக்கு இந்த மாசத்தில் மூன்றாவது தடவை.
டோக்கன் இருநூற்றுப் பதினேழு.
பலகையில் எரிவது நூற்று எண்பத்தொன்று.
மடியில் கம்பெனிக் கடிதம், அதன் நகல்,
கடிதம் உண்மைதான் என்று இன்னொரு கடிதம்,
காது இரண்டும் தெரிகிற நான்கு படங்கள்.
காது எதற்கு என்று வெள்ளவத்தை ஸ்டூடியோவில் கேட்டேன்.
"எனக்குப் படம் பிடிக்கத்தான் தெரியும், அண்ணை" என்றான்.

குடிவரவு குடியகல்வுத் திணைக்களம்.
தூத்துக்குடியில் எங்களுக்கு இவ்வளவு தமிழ் கிடையாது.
வரவுக்கு ஒரு சன்னல், அகல்வுக்கு ஒரு சன்னல்,
செலவு இரண்டிலும்.
பக்கத்து நாற்காலியில் ஒரு சீன வெல்டர்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தூங்குகிறான்.
அவன் நம்பர் வந்தால் எழுப்புவதாக
சைகையில் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

நான் லிஃப்ட் பூட்டுகிறவன்.
கொள்ளுப்பிட்டியில் முப்பத்தாறு மாடி,
நான்கு குழி, எட்டுக் கயிறு.
விசா அந்தக் கட்டடத்தின் பேரில் இருக்கிறது,
நான் அதற்குள் ஒரு வரி.
கட்டடம் முடிந்தால் நானும் முடிந்தேன்.
கடைசி மாடிக் கதவை
ரசமட்டம் வைத்து மூன்று முறை சரிபார்த்தது
தொழில் சுத்தத்துக்கு மட்டுமல்ல.
அங்கே நின்றால் சாயங்காலம் சூரியன் கடலுக்குள் இறங்கும்.
எங்கள் ஊரில் கடலிலிருந்து ஏறும்.

முத்திரைக்குக் கீழே பொடி எழுத்து:
குறித்த நிறுவனம் தவிர வேறெங்கும்
ஊதியத்துடனோ ஊதியமின்றியோ
வேலை செய்யலாகாது.
பக்கத்து அறை நிஸ்தார் காற்றாடியைப் பார்க்கச் சொன்னபோது
கதவைச் சாத்திவிட்டுத்தான் பார்த்தேன்.

பதினொன்று இருபதுக்கு
இந்தக் கட்டடத்தின் லிஃப்ட் நின்றது.
நிற்கும் என்று காலையில் ஏறும்போதே தெரியும்.
இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஒரு இருமல்.
உள்ளே யாரோ தட்டுகிறார்.
கையெழுத்துக்குக் கோப்புகள் தூக்கிப் போன
என் சன்னல் அதிகாரி.
போன வாரம் கொடுத்த என் பாஸ்போர்ட்டும்
அந்த அடுக்கில் இருக்கலாம்.
காவலாளி கதவை உதைத்தார்.
மற்றவர்கள் மேலே பார்த்தார்கள்.
லிஃப்ட் நின்றால் எந்த நாட்டுக்காரனும் மேலேதான் பார்க்கிறான்.

சட்டைப்பையில் முக்கோணச் சாவி.
வேலை எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது?
எழுந்தாலா?
சாவியைத் தொட்டாலா?
வாயால் சொன்னால்?
சொல்வதைப் பற்றிப் பொடி எழுத்தில் எதுவும் இல்லை.
கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு
(கேமராவுக்கு நன்றாகத் தெரியட்டும்)
என்னிடமிருந்த பதினைந்து சிங்களச் சொல்லில்
காவலாளியிடம் சொன்னேன்:
மெயினை அணை. அறுபது எண்ணு. போடு.
அவர் எண்ணினார்.
நாற்பதில் தப்பிப்போய்
மறுபடி முப்பதிலிருந்து.

இருமல். ஓட்டம். கதவு.
வேர்த்து வெளியே வந்தவரின் மார்பில்
பெயர்ப்பட்டை: பெர்னாண்டோ.
நான் சந்தியாகு பர்னாந்து.
எங்கள் இரண்டு பேருக்கும் இந்தப் பெயரை வைத்தவன்
கப்பலிலிருந்து இறங்கி
எந்தச் சன்னலில் டோக்கன் எடுத்தான்?

மூன்று மணிக்கு என் முறை.
புரட்டினார். ஒரு தாள் குறைகிறது,
அது எந்தத் தாள் என்பது
மேலே உள்ளவருக்குத்தான் தெரியுமாம்.
"ஹெட்ட என்ன."
ஹெட்ட என்றால் நாளை. என்ன என்றால் வா.
இரண்டு வருஷமாகியும்,
படத்தில் அத்தனை தெளிவாக விழுந்திருக்கும் என் காது
அதைக் கேள்வியாகத்தான் வாங்குகிறது.
நாளை என்ன?

படியில் இறங்கினேன்.
வாசலில் காவலாளி விரலை மடக்கி மடக்கிக் காட்டினார்:
ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது.