சிப்பி கட்டிய தராசு

பாமணி, கோரையாறு, கிளைதாங்கி.
பள்ளிக்கூட வரைபடத்தில் எல்லாம் காவிரியின் விரல்கள்.
இங்கே வந்து சேர்ந்ததும்
பெயரை அவிழ்த்துப் போட்டுவிட்டு
முழங்கால் ஆழச் சேற்றில் ஒன்றாய்ப் படுத்துவிடுகின்றன.

படகில் ஏற்றும்போது காத்தமுத்து
என் பெட்டியைத் தூக்கிப் பார்த்து
"உள்ள என்னங்க, பொணமா?" என்றார்.
பித்தளை எடைக்கற்கள்,
இரண்டு கிலோ தொடங்கி ஒரு கிராம் வரை.
நான் முத்திரை ஆய்வாளன்.
சந்தைத் தராசுகளுக்கெல்லாம்
சரி என்று ஒரு குத்து வைப்பவன்.
சிறுகந்தல் திட்டுக்கு மட்டும்
ஒன்பது வருடமாக யாரும் போகவில்லை.
கோப்பில் இருப்பது இரண்டே சொல்:
வழி இல்லை.

வழி இருந்தது. அகலம்தான் இல்லை.
இருபுறமும் அலையாத்தி தோளில் கைபோட்டு நிற்க
நடுவில் ஒரு கால்வாய்,
குனிந்தவனை மட்டும் உள்ளே விட்டது.
சேற்றிலிருந்து வானம் பார்த்து மூச்சுவேர்கள்.
ஏதோ ஒரு வகுப்பு முழுக்க
பென்சிலைக் குத்திவைத்துவிட்டு ஓடியது போல.
"தில்லை வருது, கண்ண மூடிக்கங்க.
பால் தெறிச்சா பார்வ போயிரும்."
மூடிக்கொண்டேன்.
அந்த ஊருக்குக் கொஞ்ச தூரம்
குருடனாகத்தான் போனேன்.

திறந்தால் காடு இல்லை.
தகடாய்த் தண்ணீர்,
கஜாவில் பட்டுப்போய்
இன்னும் விழ மனமில்லாத மரங்கள்,
அப்பால் மணல், பதினேழு கூரை, மூன்று நாய்.
நாய்கள் குரைக்கவில்லை.
அரசாங்கத்தை அவை பார்த்ததே இல்லை.

பூவரசங்கிளையில் தொங்கியது தராசு.
நண்டு போடும் தட்டுக்கு அடியில்
நைலான் நூலில் ஒரு சிப்பி.
"இது என்னம்மா?"
"அது இல்லன்னா தராசு பொய் சொல்லுங்க"
என்றார் பவுனம்மாள், கை நிறையக் கொடுக்கோடு.

நான் படித்த சட்டத்தில் இதற்குத் தண்டம் உண்டு.
நூலை அவிழ்த்தேன்.
வெறுந்தட்டு ஒரு பக்கம் எழும்பியது.
இருபத்திரண்டு கிராம்.
ஈர நண்டு கொட்டிக் கொட்டி
உப்பு தின்ற இரும்பு.
"வாங்க வர்ற ஜெகபரு பாய்தான் கண்டுபிடிச்சாரு.
தனக்கு லாபமாப் போவுதேன்னு
அவருக்கே தூக்கம் வரல.
மூணு சிப்பி கட்டிப் பாத்தோம்,
நாலாவது நின்னுச்சு."

வருடா வருடம் ஆடிப்பெருக்கன்று
பிரிக்காத ஒரு கிலோ சீனிப் பொட்டலத்தைத் தட்டில் வைத்து
முள் பார்ப்பார்களாம்.
தட்டு இளைத்திருந்தால் பெரிய சிப்பி.
பிறகு பொட்டலத்தைப் பிரித்து
ஊருக்கே தேநீர்.

ஒன்பது முத்திரை, என் குத்து இல்லாமல்.

மறுபடி கட்டினேன். என் கற்களை வைத்தேன்.
முள் நடுவில் நின்றது.
காற்று வந்து ஆட்டிவிட்டுப் போனது.
திரும்பவும் நடுவில் நின்றது.
படிவத்தில் சிப்பிக்குக் கட்டம் இல்லை.
வெகுநேரம் பேனாவைத் திறந்துவைத்திருந்தேன்.

கிளம்பும்போது ஒரு நண்டை நீட்டினார்.
வாங்கக் கூடாது, லஞ்சமாகிவிடும் என்றேன்.
"அப்ப நிறுத்துக் காசு குடுங்க."
அதே தராசு. முந்நூற்றைம்பது கிராம்.
நான் முள்ளைப் பார்க்காமல்
சட்டைப் பையைத் தேடியதை
பவுனம்மாள் பார்த்துவிட்டார்.

இப்போது வற்றம்.
கால்வாய்க்கு நடுவே படகு தரைதட்டி நிற்கிறது.
ஏற்றம் வர இரண்டு மணி ஆகுமாம்.
கொடுக்குக் கட்டிய நண்டு
என் செருப்பருகே நுரை விடுகிறது.
கைபேசி வெளிச்சத்தில் பெட்டியைத் திறந்து எண்ணினேன்.
ஒரு கிராம் கல்லைக் காணோம்.

"மணல்ல விழுந்திருக்கும்"
கண் திறக்காமல் காத்தமுத்து சொன்னார்.
"பவுனக்காகிட்ட சொல்லிவிடுறேன்.
அதுக்கும் ஒரு சிப்பி பாத்து வைக்கும்."

கொசு. சேற்று வாசம்.
எங்கோ ஒரு மடவை துள்ளி
விழுந்த இடத்தில்
கொஞ்சம் தண்ணீர் இருப்பது கேட்டது.