பார்க்கும் உரிமை

வியாழக்கிழமை கடைசி மணி அடித்ததும்
ஆய்வகக் கதவோரம் வந்து நின்றான் இம்தாதுல்லா.
"மிஸ், உங்களுக்கு நேரமிருந்தா..."
நேரமிருக்கிறதா என்று கேட்டு வருகிற எல்லோருக்கும்
இந்த மாதத்தில் வேண்டியது கடிதம்தான்.
இவன் நாற்பத்தோராவது.

கையில் ஒரு தாள்: சதுரங்கத்தில் மூன்றாம் இடம்,
கிராஅத் போட்டி, ரத்ததான முகாமில் தண்ணீர் கொடுத்தது.
கூடவே ஒரு டப்பா ஹல்வா.
"வாப்பா குடுக்கச் சொன்னாங்க."
வாப்பா வாசலுக்கு வெளியே, தார்சைத் வெயிலில்,
டயர்க் கடை வேனை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார்.
தாளை வாங்கிக்கொண்டேன். ஹல்வாவை வாங்கவில்லை.
அவனுக்குக் காது மடல் சிவந்தது.

இரவு. ஏசி சொட்டுகிற வாளி பாதி நிறைந்துவிட்டது.
திரையில் படிவம் கேட்கிறது:
நீங்கள் கற்பித்தவர்களில் இவர்
முதல் ஒரு சதவீதமா, ஐந்தா, பத்தா?
நாற்பது பேருக்கும் ஐந்து போட்டிருக்கிறேன்.
எந்தக் கல்லூரியும் அதைக் கூட்டிப் பார்க்காதிருக்கட்டும்.
கடின உழைப்பாளி. நேரம் தவறாதவர். தலைமைப் பண்பு.
மை தீர்ந்த ரப்பர் முத்திரையை
இன்னும் எத்தனை முறை குத்துவது?

ஒரு சம்பவத்தைக் குறிப்பிடவும், என்கிறது அடுத்த பெட்டி.

இருக்கிறது.

செப்டம்பரில், பெர்மாங்கனேட் டைட்ரேஷன்.
வகுப்பு முழுக்க ஒன்பது புள்ளி எட்டு.
இவன் நோட்டில் மட்டும் பதினொன்று புள்ளி மூன்று,
மூன்று முறையும் பதினொன்று புள்ளி மூன்று.
"பக்கத்துல பாத்தியா?" என்றேன்.
"பாத்தேன் மிஸ். எனக்கு இதுதான் வந்துச்சு."
சிவப்பில் வட்டம் போட்டு மூன்று மதிப்பெண் குறைத்தேன்.

பத்து நாள் கழித்து, பாட்டில் கழுவும்போது,
லேப் வர்கீஸ் தலையைச் சொறிந்தார்:
கடைசி மேசைக்கு வைத்தது வேறு கரைசல், டீச்சர்.
கடைசி மேசையில் ஐந்து பேர்.
நாலு பேர் முன்மேசையைப் பார்த்து எழுதியிருந்தார்கள்.
அவர்களுக்கு முழு மதிப்பெண்.
பதிவேடு அதற்குள் பிரின்சிபால் அறைக்குப் போயிருந்தது.
போய்ச் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு மாடிதான்.

'இந்த மாணவர் தன் கண் கண்டதை எழுதினார்'
என்று ஆங்கிலத்தில் தட்டிவிட்டு நிறுத்தினேன்.
அதற்கு மேல் போனால் நானும் உள்ளே வருவேன்.
அழித்தேன்.
எழுந்து வாளியை ஊற்றிவிட்டு வந்தேன்.
மறுபடி எழுதினேன்,
யார் குறைத்தது, எத்தனை குறைத்தது,
யார் மாடி ஏறவில்லை என்பது வரைக்கும்.

படிவத்தின் அடியில், பொடி எழுத்தில்,
அவன் ஏற்கெனவே டிக் செய்திருந்தான்:
இக்கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுத்தருகிறேன்.
எல்லாப் பிள்ளைகளும் படிக்காமலே தாண்டுகிற வரி.
ஏதோ ஒரு குளிர்ந்த ஊரில், காபி ஆறுகிற மேசையில்,
எங்கள் இருவரையும் அறியாத ஒருவர்
இருவருக்கும் சேர்த்து மதிப்பெண் போடட்டும்.

அனுப்பியபோது அங்கே மதியம்,
இங்கே பதினொன்றே முக்கால்.
கையை எடுப்பதற்குள் அவன் செய்தி:

"போயிருச்சா மிஸ்? இன்னொரு காலேஜுக்கும் வேணும்,
ஞாயிறுதான் கடைசி நாள்.
வாப்பா ஹல்வா பத்திக் கேட்டாங்க.
மிஸ்ஸுக்கு ரொம்பப் பிடிச்சுதுன்னு சொல்லிட்டேன்."