இருபத்தெட்டு லிட்டர்

உங்களை எரிக்க இருபத்தெட்டு லிட்டர் டீசல் வேண்டுமாம்.
உலைக்காரர் ஊ தௌங்
வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டுச் சொன்னார்.
விறகு என்றால் இந்த மழையில் பற்றாது,
பாதியில் நின்றால் என்னைக் குறை சொல்லக் கூடாது.

தன்லின் முழுக்க ஒரே பதில்: சீ மஷிபூ.
எண்ணெய் இல்லை என்பதற்கு
இதைவிடச் சின்னதாய் ஒரு வாக்கியம் இருக்க முடியாது.
பங்க்கில் கயிறு கட்டியிருந்தார்கள்.
கயிற்றுக்கு இந்தப் பக்கம்
ஆட்களுக்குப் பதில் செங்கல், செருப்பு, தகர டப்பா
வரிசையில் நின்றன.
நானும் உங்கள் சாப்பாட்டுத் தூக்கை வைத்துவிட்டு வந்தேன்.

எண் உள்ள வண்டிக்குத்தான் எண்ணெய் என்றான் பையன்.
ஒற்றை எண்ணுக்கு ஒருநாள், இரட்டைக்கு மறுநாள்.
நமக்கு ஏது வண்டி?
ஆஸ்பத்திரியில் உங்கள் கால் கட்டைவிரலில்
ஓர் எண் கட்டியிருந்தார்கள்.
அதைக் காட்டலாமா என்றுகூட யோசித்தேன்.
நாற்பத்தொன்று.
அன்று இரட்டைப்படை நாள்.

முப்பத்தோரு வருடம்
சுத்திகரிப்பு ஆலைத் தொட்டிகளின் தலையில் ஏறி
பித்தளைக் குண்டு கட்டிய நாடாவை உள்ளே இறக்கி
ஈரம் எங்கே முடிகிறதோ அங்கே படித்தவர் நீங்கள்.
ஏழு மீட்டர்.
பிறகு ஐந்து, பிறகு மூன்று.
ஒரு நாள் குண்டு தரையில் இடித்து
தொட்டி முழுக்க மணி அடித்தது என்றீர்கள்,
சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள்,
அந்த மாதம் அரைச் சம்பளம்.
கடைசி வருடம் நீங்கள் அளந்தது
பெரும்பாலும் தண்ணீர்.

சரி, அதை விடுங்கள்.
கணக்குக்கு வருகிறேன்.

படகுக்கார கோ ஸா லின் எஞ்சினிலிருந்து
ரப்பர் குழாய் போட்டு வாயால் உறிஞ்சி
ஆறு லிட்டர் தந்தார்.
மூன்று நாள் அக்கரைக்குப் போகவில்லை;
அக்கரைக் காய்கறியும் இக்கரைக்கு வரவில்லை.
ஐஸ் கடை மரியசூசை இரண்டு.
அவருடைய மீன் அன்றே கருவாட்டுக்குப் போயிற்று.
ஜெனரேட்டர் வைத்து
போன் சார்ஜ் போட்டுத் தருகிற அழகிரி பத்து.
தெருவில் ஐம்பது போன்கள் ஊமையாயின,
மலேசியாவிலிருந்து நம் மகன் அழைத்தபோது
ஒன்றுகூட ஒலிக்கவில்லை.
மிச்சம் பத்தை
என் மூக்குத்தி கொடுத்தது.

ஊ தௌங் துணியை விலக்கிப் பார்த்தார்.
இவ்வளவுதானா ஆள், என்றார்.
வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற பம்ப் நின்றதும்
அரிசி விலை ஏறியது,
அரிசி ஏற ஏற நீங்கள் இறங்கினீர்கள்.
எனக்குத் தெரியும்,
பசிக்கவில்லை என்று நீங்கள் சொன்ன ராத்திரிகளை
நான் எண்ணாமல் இல்லை.
இவருக்கு இருபத்துமூன்று போதும், என்றார்.
முதல்முறையாக ஓர் அளவு
நம் பக்கம் சாய்ந்தது.

போதவும் போதிற்று.

ஐந்து லிட்டர் கேனோடு வெளியே வந்தேன்.
உங்கள் நாடாவை உள்ளே விட்டுப் பார்த்தேன்,
பழக்கதோஷம்.
ஈரம் ஒரு சாண்.
நியாயமாய் அது கோ ஸா லினுடையது,
அழகிரியுடையது, மரியசூசையுடையது.
சுடுகாட்டு வாசலில் ஒருவன்
பங்க் விலையைப் போல் நாலு மடங்கு என்றான்,
குரலைத் தாழ்த்தி,
ஏதோ கெட்டதைக் கேட்பவன் மாதிரி.

விற்றேன்.

பதினாறாம் நாள் எல்லோரும் சாப்பிட வந்தார்கள்.
வெகுநாளைக்குப் பிறகு நல்ல அரிசி, உதிரி உதிரியாய்.
கோ ஸா லின் தலை நிமிராமல் சாப்பிட்டார்.
அழகிரி இரண்டாவது கவளத்தில் நிறுத்தி
அத்தாச்சி, சோற்றில் லேசாய் ஏதோ வாடை, என்றார்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவர் இலையில்
இன்னொரு கரண்டி வைத்தேன்.